இப்ப என்ன வாசிக்கிறீங்க? எங்கள் வாசிப்புக் கூடல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மாதம் மட்டக்களப்பில், மறு மாதம் கல்முனைப் பக்கம் என்று பௌர்ணமி விடுமுறையான போயா தினப் பின்னேரங்களில் நாங்கள் சிலர் கூடுகிறோம். அவரவர் வாசித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறோம். தலைவர், செயலாளர், பொன்னாடை எதுவும் கிடையாது. புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்குப் பதிலை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் நல்லது என்று தோன்றியது. சில பதில்களில் கூடலில் உள்ள மற்றவர்களுக்கு உடன்பாடு இல்லை. எழுதுகிற வேலை என் தலையில் விழுந்ததால் என் கருத்துத்தான் இங்கே நிற்கிறது.

கூடலில் என்னதான் நடக்கும்?

வட்டமாகக் கதிரை போட்டு இருப்போம். ஒரே ஒரு கேள்விதான்: "இப்ப என்ன வாசிக்கிறீங்க?" ஒவ்வொருவரும் புத்தகத்தின் பெயரைச் சொல்வார். எதுவரை வந்திருக்கிறார், ஏன் அதைக் கையில் எடுத்தார், அதில் எது மனதில் நிற்கிறது என்று சொல்வார். நாலைந்து நிமிடம் போதும். அப்புறம் மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். அது எவ்வளவு நேரம் இழுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பின்னேரம் முழுவதும் ஒரே புத்தகத்தில் மாட்டிக்கொண்டதும் உண்டு.

பின்னட்டையை வாசித்துக் காட்ட வேண்டாம். எழுத்தாளர் பிறந்த ஊர், பெற்ற விருதுகள், எழுதிய நூல்களின் பட்டியல் எதுவும் வேண்டாம். எங்கள் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் அதிகம். ஒரு பெயர் கிடைத்தால் போதும், பாடமே எடுத்துவிடுவார்கள். அதற்காகவே மேசையில் ஒரு சின்ன மணி இருக்கிறது. அன்றைக்கு வந்தவர்களில் ஆக இளையவருக்குத்தான் அதை அடிக்கிற உரிமை. தனக்குப் படிப்பித்த சேருக்கே மணி அடிக்கக் கிடைத்த பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

எல்லோரும் ஒரே புத்தகத்தை வாசித்துவிட்டு வர வேண்டுமா?

தேவையில்லை. அப்படிச் செய்யலாம் என்று சிலர் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நடைமுறையில் சரிவராது. ஒரு புத்தகத்தின் ஒரு பிரதி பொது நூலகத்தில் இருக்கும், இன்னொன்று யாருடைய வீட்டிலாவது இருக்கும், அவ்வளவுதான். பதினைந்து பேர் கைமாற்றி வாசித்து முடிக்கும்போது முதலில் வாசித்தவருக்குக் கதை மறந்திருக்கும். அதோடு, எல்லோரும் ஒன்றையே வாசித்துவிட்டு வந்தால் பேச்சு சீக்கிரம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறது. ஒருவர் வாசித்ததை மற்றவர்கள் வாசிக்காமல் இருக்கும்போது, அவர் அதை எங்களுக்குக் காட்டியாக வேண்டும். வெறும் "நல்லது", "கூடாது" அங்கே எடுபடாது.

முடிக்காத புத்தகத்தைப் பற்றிப் பேசலாமா?

முடிக்காததைத்தான் நாங்கள் விரும்புகிறோம். புதியவர்களுக்கு இது விளங்க ஆகக் கஷ்டமாக இருக்கிறது. "இன்னும் நூறு பக்கம் இருக்கு, அடுத்த மாதம் சொல்றன்" என்று தள்ளிப்போடுவார்கள். தள்ளிப்போடாதீர்கள்.

முடித்துவிட்டு வருகிறவர் ஒரு தீர்ப்போடு வருவார். எல்லாவற்றையும் அந்தத் தீர்ப்புக்கு ஏற்றபடி அடுக்கிச் சொல்வார். நடுவில் நிற்கிறவருக்கு அந்த வசதி இல்லை. "இந்தப் பெண் தாய்க்கு ஏன் கடிதம் போடவில்லை என்று விளங்குதில்லை" என்பார். "இந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் எழுத்தாளருக்குப் பிடிச்சிருக்குப் போல" என்பார். சந்தேகம், எரிச்சல், எதிர்பார்ப்பு எல்லாம் சூடாக இருக்கும். அதைக் கேட்கிறவர்களும் கூடச் சேர்ந்து ஊகிக்கலாம். அடுத்த போயாவில் அவர் வந்து, நாங்கள் ஊகித்ததில் எது பிழையாகிப்போனது என்று சொல்லும்போது அந்தப் புத்தகத்தில் எல்லோருக்கும் கொஞ்சம் பங்கு கிடைத்துவிடுகிறது. அதன்பிறகு அந்தப் பிரதியை யார் முதலில் இரவல் வாங்குவது என்பதுதான் பிரச்சினை.

பாதியில் கைவிட்ட புத்தகத்தையும் கொண்டு வாருங்கள். எந்தப் பக்கத்தில் மூடினீர்கள் என்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும். நாற்பதாம் பக்கத்தில் மூடியவருக்கும் இருநூற்றுப் பத்தாம் பக்கத்தில் மூடியவருக்கும் காரணம் ஒன்றாக இருக்காது.

நூல் வெளியீட்டு விழாவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

எங்கள் ஊர் வெளியீட்டு விழாக்கள் உங்களுக்குத் தெரியும். மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, வெளியீட்டுரை, நயவுரை, முதற்பிரதி, சிறப்புப் பிரதிகள், கடைசியில் ஏற்புரை. ஒரு வர்த்தகர் மேடைக்கு வந்து முதற்பிரதியை உறையோடு வாங்குவார். புத்தகத்தின் நீளம் நூறு பக்கம் என்றால் உரைகளின் நீளம் அதைத் தாண்டும். நான் அதைக் குறை சொல்லவில்லை. தன் செலவில் சில நூறு பிரதிகள் அச்சடித்த ஒருவருக்கு அச்சகக் கடனை அடைக்க அந்த விழாதான் வழி. ஊர் கூடி ஒரு மனிதனைத் தாங்குகிற காரியம் அது. போக வேண்டும், பிரதி வாங்க வேண்டும்.

ஆனால் அங்கே சொல்லப்படுவது கருத்து இல்லை, வாழ்த்து. கலியாண வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டில் உப்புக் குறைவு என்று யாரும் ஒலிவாங்கியில் சொல்வதில்லை. நயவுரை ஆற்றுகிறவர் பெரும்பாலும் அதற்கு முதல்நாள் இரவுதான் புத்தகத்தைத் திறந்திருப்பார். விழா முடிந்த பிறகு அந்தப் புத்தகத்தை உண்மையில் வாசிக்கிறவர் எங்கே போய்ப் பேசுவது? அந்த இடத்துக்குத்தான் இந்தக் கூடல்.

நான் இலக்கியம் படித்தவன் இல்லை. எனக்குக் கருத்துச் சொல்லத் தெரியாதே?

பக்கத்தைக் காட்டத் தெரியுமா? அது போதும்.

படுவான்கரையில் வயல் செய்கிற ஒரு அண்ணன் வருவார். தமிழ்நாட்டில் இருந்து வந்த ஒரு தடித்த நாவலை வாசித்துக்கொண்டிருந்தார். அதில் அண்ணன் தம்பி இருவர் வாய்க்கால் தண்ணீருக்காக வரப்பில் நின்று சண்டை பிடிக்கிறார்கள். பெரிய சண்டை, மண்வெட்டி வரை போகிறது. எங்கள் ஆள் அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு சொன்னார்: "இதுக்கு முந்தின பந்தியில கதிர் பழுத்துச் சாஞ்சு கிடக்கு எண்டு எழுதி இருக்கார். பழுத்த வயலுக்கு யாரு தண்ணி கட்டுவான்? வெட்டுக்கு ரெண்டு கிழமைக்கு முந்தியே தண்ணிய வடிய விட்டிருப்பான்."

ஒரு டீச்சர் விடவில்லை. அந்தச் சண்டை தண்ணீருக்கானதே இல்லை, தகப்பனின் காணியைப் பிரித்ததில் வந்த கோபம், தண்ணீர் ஒரு சாட்டு என்றார். அதற்கு அவர், "சாட்டுக்கும் ஒரு காலம் இருக்கு டீச்சர். ஒரு மாதம் முந்திப் பிடிச்சிருக்கலாமே சண்டைய" என்றார். சிரித்து முடிந்த பிறகு பேச்சு வேறு தளத்துக்குப் போனது. ஒரு விவரம் பிழையானால் கதையும் பிழையாகிவிடுமா? யாருக்குப் பிழையாகிறது? வயல் தெரியாத வாசகருக்கு அந்தக் காட்சி முழுமையாக வேலை செய்கிறதே? எனக்கு அன்றைக்கு டீச்சர் சொன்னதுதான் சரி என்று பட்டது. இப்போதும் அப்படித்தான். ஆனால் எந்த நாவலிலும் பயிர் வந்தால் அது என்ன பருவம் என்று பார்க்கிற பழக்கம் அந்தப் பேச்சில்தான் எனக்குத் தொற்றியது.

உங்களுக்குத் தெரிந்த தொழில், தெரிந்த வீடு, தெரிந்த கடல், இவைதான் உங்கள் கருத்துக்கு மூலதனம். மற்றதெல்லாம் பேசப் பேச வரும்.

பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லலாமா? எழுதியவர் அங்கேயே இருந்தால்?

மட்டக்களப்பில் கல்லெறிந்தால் ஒரு கவிஞர் மேல்தான் விழும் என்று பகிடி சொல்வார்கள். கல்முனையில் எறிந்தாலும் அப்படித்தான். நீலாவணன் இருந்த மண், சண்முகம் சிவலிங்கம் இருந்த மண், சோலைக்கிளியும் உமா வரதராஜனும் எழுதுகிற மண். பெரியவர்களை விடுங்கள், நேற்று முதல் தொகுப்புப் போட்ட தம்பியும் உங்களுக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பார். அவருடைய அக்கா உங்கள் மகளுக்கு ரியூசன் சொல்லிக்கொடுப்பவராக இருப்பார். கொழும்பிலோ சென்னையிலோ இருக்கிற விமர்சகருக்கு இந்தச் சங்கடம் இல்லை. எங்களுக்கு உண்டு. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

எங்கள் ஏற்பாடு இப்படி. எழுதியவர் இருக்கும்போது அவருடைய புத்தகத்தை எடுப்பதென்றால் முதலில் அவரிடம் கேட்போம். வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம், அதற்குக் காரணம் கேட்பதில்லை. ஓம் என்றால் ஒரு நிபந்தனை: எல்லோரும் பேசி முடியும்வரை அவர் வாய் திறக்கக் கூடாது. "நான் அங்கே சொல்ல வந்தது என்னவென்றால்" என்று தொடங்கினால் மணி அடிக்கும். சொல்ல வந்தது புத்தகத்தில் இருந்தால் யாராவது கண்டிருப்பார்கள். கடைசியில் அவர் எங்களிடம் கேள்வி கேட்கலாம். ஏற்புரை கிடையாது.

பேசுகிறவருக்கும் ஒரு நிபந்தனை உண்டு. பிடிக்கவில்லை என்றால் எந்த இடம் என்று காட்ட வேண்டும். பிடித்தது என்றாலும் அதே கதைதான்! "அருமை", "ஆழமான படைப்பு" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடினால் யாராவது "எந்தப் பக்கம்?" என்று கேட்பார்கள். புகழ்ச்சிக்குச் சாட்சி கேட்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை என்பதால் முதல் தடவை சிலருக்குக் கோபம் வரும். எழுதுகிறவர்களுக்கு மட்டும் அது பிடித்துப்போகிறது. தன் கதையில் இன்ன வரியில் ஒருவர் நின்றுவிட்டார் என்று கேட்பது பொன்னாடையை விட அவர்களுக்குப் பெரிது என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆளைப் பற்றிப் பேச இடமில்லை. அவர் எந்தக் கட்சி, யாரிடம் சீதனம் வாங்கினார், எந்தப் பரிசுக்கு யாரைப் பிடித்தார் என்பதெல்லாம் வாவிக்கரையில் போய்ப் பேசிக்கொள்ளலாம்.

கதையின் முடிவைச் சொல்லிவிட்டால் மற்றவர்களுக்குச் சுவை போய்விடாதா?

வைகாசியில் எங்கள் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு நடக்கும்போது கண்ணகியின் கதையான வழக்குரை பாடுவார்கள். கோவலன் கொலைப்படப் போகிறான் என்று தெரியாத ஒரு ஆளும் அங்கே இருக்க மாட்டார். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் 18 நாள் திருவிழாவில் பாரதம் படிக்கும்போதும் அப்படித்தான், போரில் யார் வெல்லப்போகிறார் என்று அறிய யாரும் போவதில்லை. தெரிந்த கதையை, வருடா வருடம், கூட்டமாக இருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கோயில்களில் புராணம் ஒருவர் படிக்க, இன்னொருவர் பயன், அதாவது அதன் பொருள், சொல்கிற வழக்கமும் உண்டு. அதில் பயன் சொல்கிறவருடைய கெட்டித்தனத்தைத்தான் ஆட்கள் பேசிக்கொண்டு போவார்கள். கூடி வாசிப்பது வெளியில் இருந்து வந்த நாகரிகம் என்று நினைக்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

ஆகவே பொதுவாகச் சொல்லலாம். நல்ல புத்தகம் முடிவு தெரிந்ததால் கெட்டுப்போவதில்லை. இருந்தாலும் சொல்வதற்கு முன் "முடிவச் சொல்லப் போறன்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், அதை வாசித்துக்கொண்டிருப்பவர் முற்றத்துக்குப் போய்வரலாம். துப்பறியும் நாவலுக்கு மட்டும் விதிவிலக்கு. கொலைகாரனின் பெயரைச் சொன்னவர் அன்றைய வடைக்குக் காசு கொடுக்க வேண்டும்.

போர்க்காலத்தைப் பற்றிய நூல்களை எப்படிப் பேசுகிறீர்கள்?

கவனமாக. எங்கள் கூடலில் ஆகக் கூடுதலாக யோசித்தது இதைப் பற்றித்தான்.

இங்கே தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து இருக்கிறோம், அடுத்தடுத்த ஊர்கள், சில இடங்களில் அடுத்தடுத்த வீதிகள். "தொண்ணூறு" என்று 1990ஐ ஒருவர் சொன்னால், முஸ்லிம் ஊரான காத்தான்குடிக்காரருக்கு அந்த ஓகஸ்ட் மாதத்துப் பள்ளிவாசல் படுகொலைகள் நினைவுக்கு வரும். தமிழ் ஊரான சத்துருக்கொண்டான்காரருக்கு அதற்கடுத்த செப்டம்பரில் அங்கே நடந்த படுகொலை நினைவுக்கு வரும். ஒரே வருடம். ஒரு நாவலிலோ கவிதையிலோ இதில் ஒன்று வந்து மற்றது வராமல் போனால், வாசித்த இருவருக்கும் அது ஒரே புத்தகமாக இருக்காது.

அதனால் இரண்டு விதி வைத்திருக்கிறோம். முதலாவது, "உங்கட ஆக்கள்" என்ற பேச்சு வீட்டுக்கு வெளியே. புத்தகத்தில் உள்ள ஆளைப் பெயரால் சொல்லலாம், எதிரே இருப்பவரை அந்தப் புத்தகத்துக்குப் பொறுப்பாளி ஆக்கக் கூடாது. இரண்டாவது, யாராவது "நான் அங்க இருந்தன்" என்று தொடங்கினால் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்போம். அந்த நேரத்தில் திகதி சரிபார்ப்பது, புத்தகம் வேறு விதமாகச் சொல்கிறதே என்று இடையில் புகுவது, கைபேசியில் பதிவுசெய்வது எதுவும் இல்லை. யாராவது எழும்பி வெளியே போனால் பின்னால் ஓடிப்போய் விசாரிப்பதும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவரே வருவார்.

"இந்த நாவலில் எங்கட தெருவே இல்லையே" என்ற குறை அடிக்கடி வரும். அதை அனுமதிக்கலாமா என்று எங்களுக்குள் விவாதம் நடந்தது. ஒரு தனி நாவல் எல்லாத் தெருவையும் எழுதக் கடமைப்பட்டதல்ல, எழுத்தாளர் குடிசன மதிப்பீட்டு உத்தியோகத்தரும் அல்ல. ஆனால் வாசிக்கிற எல்லா நாவல்களிலும் அதே தெருதான் காணாமல் போகிறது என்று ஒருவர் சொன்னால், அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அவர் பேசுவது ஒரு புத்தகத்தைப் பற்றி இல்லை, எங்கள் அலுமாரியைப் பற்றி.

வாசிக்கத் தெரியாதவர்கள் வரலாமா?

தாராளமாக. சாய்ந்தமருதில் ஒரு பிள்ளை தன் மூத்தம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கவிஞர் அனார் தொகுத்த கிழக்கிலங்கை நாட்டார் காதல் பாடல்கள், 'பொடுபொடுத்த மழைத்தூத்தல்', அவளிடம் இருந்தது. ஒரு கவியின் முதல் இரண்டு அடியை வாசித்தாள். மிச்சத்தை மூத்தம்மா சொன்னார், புத்தகத்தில் இருந்ததில் இருந்து கொஞ்சம் வேறு மாதிரி. அடுத்ததற்கும் அப்படியே. நாலாவதில், "இதெல்லாம் ஆருகா புத்தகத்தில போட்ட?" என்று முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். அந்தக் காலத்தில் எந்தக் கவியை யாருக்குச் சொல்லி அனுப்பினார் என்று எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை. பேத்தி அந்த மாறுபாடுகளை ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டாள். அந்தப் பிரதியை யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை என்று இப்போது பிடிவாதமாக இருக்கிறாள்.

ஆங்கில, சிங்களப் புத்தகங்களைப் பற்றிப் பேசலாமா?

பேசலாம், தமிழில். 1892இல் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 'மதங்க சூளாமணி'யில் ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழருக்கு எடுத்துச் சொன்னார். அது வந்தது 1926இல். கல்முனையின் எம். ஏ. நுஃமான் பலஸ்தீனக் கவிதைகளை ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குக் கொண்டுவந்தார். இப்படிப்பட்ட ஊர்களில் இருந்துகொண்டு வேற்றுமொழிப் புத்தகம் வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. சிங்களத்தில் நேரடியாக வாசிக்கிறவர்கள் குறைவு. அப்படி ஒருவர் வந்தால் அவருக்கு மணி அடிப்பதில்லை.

கவிதை புரியவில்லை என்றால்?

இரண்டு தடவை சத்தமாக வாசியுங்கள். ஒரு தடவை நீங்கள், அடுத்த தடவை வேறு ஒருவர். அதற்குப் பிறகும் புரியவில்லை என்றால் புரியாத வரியை மட்டும் சொல்லுங்கள். கவிதை முழுவதும் புரியாமல் போவது அபூர்வம். சோலைக்கிளியை முதலில் வாசிக்கும்போது எல்லோரும் திணறுவார்கள், பிறகு படிமங்களை எண்ணிக்கொண்டு இருக்காமல் ரசிக்கத் தொடங்குவார்கள்.

புத்தகங்கள் எங்கே கிடைக்கும்? விலை எட்டாத உயரத்தில் இருக்கிறதே?

உண்மைதான். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு தாள் விலை, அச்சுக்கூலி எல்லாம் ஏறிவிட்டன. இந்தியப் புத்தகத்தின் அட்டையில் உள்ள விலையை எங்கள் ரூபாவுக்கு மாற்றிப் பார்த்தால் தலை சுற்றும்.

முதலில் உங்கள் உள்ளூராட்சி நூலகத்தில் அங்கத்தவர் ஆகுங்கள். பலர் பள்ளிக்கூட நாளில் வைத்திருந்த அட்டையைப் புதுப்பிக்காமலே விட்டிருக்கிறார்கள். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம், அந்தச் சமயம் நூலகங்களில் ஏதாவது நிகழ்ச்சி இருக்கும். செப்டம்பரில் கொழும்பில் நடக்கும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சிக்கு எங்கள் பக்கத்தில் இருந்து போகிறவர்களிடம் பட்டியல் கொடுத்துவிடலாம். இரவு பஸ்ஸில் போய் மறுநாள் இரவு பஸ்ஸில் திரும்பும் ஒருவரிடம் எவ்வளவு சுமையைக் கட்டிவிடலாம் என்பதில் மனச்சாட்சி வேண்டும்.

பழைய ஈழத்து நூல்கள், நின்றுபோன சஞ்சிகைகள் வேண்டுமென்றால் 'நூலகம்' இணைய நூலகத்தில் தேடுங்கள். 2005இல் தொடங்கியது, இலவசம். தாத்தா ஒரு காலத்தில் கதை எழுதினார் என்று கேள்விப்பட்டவர்கள் அவருடைய பெயரைப் போட்டுத் தேடிப் பார்ப்பதும் உண்டு.

வட்ஸ்அப்பில் பி.டி.எப். அனுப்பலாமா?

விற்பனையில் இருக்கிற புத்தகத்தை ஸ்கான் செய்து அனுப்பக் கூடாது. இதில் நாங்கள் கண்டிப்பு. மனைவியின் வளையலை அடகுவைத்து அச்சடித்த புத்தகத்தின் கட்டுகள் இன்னும் கட்டிலுக்குக் கீழே கிடக்கும்போது, அதே புத்தகம் தன் கைபேசிக்கே இலவசமாக வந்துசேர்ந்தால் அந்த மனிதருக்கு எப்படி இருக்கும்? உங்களுக்குப் பிடித்த ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பலாம், வாங்க நினைக்கிறவர்களுக்கு அது உதவும்.

புத்தகத்தை இரவல் கொடுத்தால் திரும்பி வருமா?

பெரும்பாலும் வரும். கொஞ்சம் கறையோடு, சில வேளை ஓர் அட்டை குறைவாக. ஒரு கொப்பியில் யார் எதைக் கொண்டுபோனார் என்று எழுதுகிறோம். வராவிட்டால் மூன்றாவது மாதம் சபையில் பெயரை வாசிப்போம், அதற்கு மேல் வழக்கு இல்லை.

இரவல் கொடுக்கவே மாட்டேன் என்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல இருக்கிறது. 1978 நவம்பர் சூறாவளியில் கூரையோடு போன புத்தகங்கள் எத்தனை, 2004 டிசம்பர் 26இல் கல்லடியிலும் மருதமுனையிலும் கடல் கொண்டுபோன புத்தகங்கள் எத்தனை. இடப்பெயர்வுகளில் போனவை வேறு. ஒருவருடைய வீட்டு நூல்கள் முழுவதும் சுனாமியில் போய், வாங்கி வருடக்கணக்காகத் திருப்பிக் கொடுக்காமல் வாவிக்கு அக்கரையில் இருந்த ஒரு நண்பர் வீட்டுப் பிரதிகள் மட்டும் தப்பின. அந்த நண்பர் அதைச் சொல்லிச் சொல்லியே இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

மாணவர்களை அனுப்பலாமா? பரீட்சைக்கு உதவுமா?

அனுப்புங்கள். பரீட்சைக்கு உதவும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். இலக்கிய நயம் படிக்கிற பிள்ளைகள் முதலில் விடைத்தாள் மாதிரித்தான் பேசுவார்கள்: "இக்கவிதையில் உவமையணி சிறப்பாகக் கையாளப்பட்டுள்ளது." சரி, உனக்கு அது பிடிச்சதா என்று கேட்டால் முழிப்பார்கள். இரண்டு மூன்று கூடல் கழிந்தால் தாங்களாகவே பேசுவார்கள். வயது வந்தவர்கள் அவர்களைத் திருத்தாமல் இருந்தால் இன்னும் சீக்கிரம். சித்திரக்கதை, பேய்க்கதை, கைபேசியில் வாசிக்கிற தொடர்கதை எதுவானாலும் புத்தகம்தான், முகத்தைச் சுளிக்கக் கூடாது. எங்களில் பாதிப்பேர் பழைய அம்புலிமாமாவில் தொடங்கியவர்கள் என்பதை மறந்துவிட்டுப் பேசுகிறோம்.

ஏன் போயா? எத்தனை மணிக்கு? என்ன கொண்டுவர வேண்டும்?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ, ஞாயிறு தேவாலயமும் ரியூசனும், சனிக்கிழமை பலருக்கு வேலை. எல்லோருக்கும் பொதுவாக விடுமுறை என்று மிஞ்சுவது போயாதான். அன்றைக்கு நூலகம் பூட்டு என்பதால் யாருடைய வீட்டு விறாந்தையிலாவது கூடுகிறோம். பின்னேரம் மூன்றரைக்குத் தொடங்கி, மஃரிப் தொழுகைக்கும் விளக்கு வைக்கிற நேரத்துக்கும் முன்னால் முடிப்போம். பெண்கள் தனியே வீடு திரும்ப அதுதான் வசதி என்று அவர்களே குறித்த நேரம் அது. நோன்பு மாதத்தில் காலை பத்து மணிக்கு மாற்றிக்கொள்வோம். வைகாசிப் போயாவில் பாதிப்பேர் அம்மன் கோயிலில் நிற்பார்கள், ஆனாலும் கூடல் நடக்கும்.

புத்தகத்தைக் கையில் கொண்டு வாருங்கள். கைபேசியில் அட்டைப் படம் மட்டும் இருந்தால் ஆட்கள் புரட்டிப் பார்க்க முடியாது. பிளேன்டீக்கும் வடைக்கும் ஒரு பேணி வைத்திருக்கிறோம், கையில் இருந்தால் போடலாம், இல்லாவிட்டால் பரவாயில்லை. மட்டக்களப்பில் நடக்கும் மாதங்களில் கல்முனைப் பக்கம் போகிறவர்கள் பஸ் நேரத்தைப் பார்த்து இடையில் எழும்பலாம். மழைக்காலத்தில் மட்டும் வருகிறீர்களா இல்லையா என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள், கதிரை இரவல் வாங்குகிற வீட்டுக்கு நேரத்தோடு சொல்ல வேண்டும்.